கேள்வி – பதில்: ஓடவும் வேண்டும், உடையவும் கூடாது

இம்முறை வந்த கடிதங்களில் ஏழு கடிதங்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே இடத்தைத் தொடுகின்றன. மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறமூல மென்பொருள்கள் இவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கையில், அவற்றை நம்பித் தம் வேலையை அமைத்துக்கொண்டவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான் எல்லாரும் கேட்பது. ஆகவே பிற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்): நான் பயன்படுத்தும் மென்பொருள் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எனக்குத் தேவையான அனைத்தையும் செய்துகொண்டிருந்தது. அதன் பிறகும் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? முடிந்த வேலையை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாதா?

விடலாம், விட்டவர்களும் இருக்கிறார்கள். டொனால்ட் நூத் எழுதிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் புதிய வசதிகளைச் சேர்ப்பதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். பிழை திருத்தும் ஒவ்வொரு முறையும் அதன் பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் கூடுகிறது; அந்த எண் பை என்னும் கணித மாறிலியை நெருங்கிக்கொண்டே போகிறது. 2021-இல் வந்த பதிப்பின் எண் 3.141592653. தம் காலத்திற்குப் பிறகு அதை பை என்றே நிறுத்திவிட வேண்டும் என்றும், அதன்பின் எஞ்சியிருக்கும் பிழைகள் யாவும் அம்சங்களாகக் கருதப்படட்டும் என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் டெக் ஒரு கோப்பைப் படித்துப் பக்கங்களைத் தருகிறது. இணையத்தில் யாரோ ஒருவர் அனுப்பும் தரவை அது திறந்து பார்ப்பதில்லை. உலாவி, சர்வர், குறியாக்க நிரலகம் (பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்பே நிரலகம்) போன்றவற்றின் நிலை வேறு. அவற்றின் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாதிருந்தாலும், கீழே உள்ள வன்பொருளும் இயங்குதளமும் எதிரே நிற்கும் தாக்குதல்காரரின் திறமையும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

உங்கள் முறையீட்டில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை நான் மறுக்கப் போவதில்லை. திறமூலத் திட்டங்களில் உழைப்பவர்களில் பலர் விருப்பத்தினால் உழைப்பவர்கள். புதிதாக ஒன்றைக் கட்டுவதில் உள்ள இன்பம், பழையதைத் துடைத்து எண்ணெய் இட்டு வைப்பதில் இருப்பதில்லை. நீங்கள் காணும் மாற்றங்களில் ஒரு பங்கு தேவையினால் வந்தது. ஒரு பங்கு, உள்ளதை உள்ளபடியே பேணுவதில் சலிப்புற்றவர்களின் கைகளிலிருந்து வந்தது.

கேள்வி (நிரலகம் ஒன்றின் பராமரிப்பாளர்): நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு திறமூல நிரலகத்தைப் பேணுகிறோம். இருவர் உள்ளமைப்பை முழுவதும் மாற்றியெழுத வேண்டும் என்கிறார்கள். மற்ற இருவர், அதனால் பயனர்களின் நிரல்கள் உடையும் என்று அஞ்சுகிறோம். நிலையான கிளை ஒன்று, பரிசோதனைக் கிளை ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் பொருந்துமா?

யாருக்கும் முதலில் தோன்றும் ஏற்பாடு இதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் பல ஆண்டுகள் இதையே கடைப்பிடித்தது. பதிப்பின் இரண்டாம் எண் இரட்டைப்படையானால் நிலையான தொடர், ஒற்றைப்படையானால் வளர்ச்சித் தொடர். 2.4 என்னும் நிலையான பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது, 2.5-இல் நடந்த வேலைகள் கனிந்து 2.6 வெளிவந்தபோது 2003 டிசம்பர் ஆகியிருந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் புதிய வன்பொருள்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தன, வாடிக்கையாளர்கள் காத்திருக்கவில்லை. எனவே லினக்ஸ் வழங்கல்களை (கெர்னலோடு பிற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்புகளை) வெளியிட்டோர் 2.5-இலிருந்து தமக்கு வேண்டிய பகுதிகளைப் பிய்த்தெடுத்து 2.4-இன்மீது ஒட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு பகுதிகளை ஒட்டினார்கள். இறுதியில், நிலையானது என்று பெயர் பெற்ற 2.4, மூல ஆசிரியர்கள் சோதித்த வடிவத்தில் பெரும்பாலான பயனர்களிடம் இல்லவே இல்லை. நிலைப்புக்காக எழுப்பிய சுவரே நிலைப்பைக் குலைத்தது.

2.6-க்குப் பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள். இப்போது ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. முதல் இரண்டு வாரங்களில் மட்டுமே புதியன ஏற்கப்படுகின்றன; மீதி ஏழு எட்டு வாரங்கள் வாரம் ஒரு முன்வெளியீடு என்ற கணக்கில் பிழைதிருத்தம் மட்டும் நடக்கிறது. இதன் பயன் வேகம் என்பதைவிட, கைச்சுமையின் அளவு என்றே நான் சொல்வேன். ஏதாவது ஒன்று உடைந்தால் குற்றவாளியை மூன்று ஆண்டு மாற்றங்களுக்குள் தேட வேண்டியதில்லை. பத்து வார மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக்கொண்டே போனால் அன்றைக்கே அகப்பட்டுவிடும்.

எனினும் வேகமாக வெளியிடுவது மட்டும் ஒன்றையும் காப்பாற்றாது. கெர்னலைக் காப்பது, அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் ஒரு விதி: கெர்னலின் மேல் ஓடும் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது. அந்த நிரல் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். கெர்னலின் ஒரு பிழையையே அது நம்பியிருக்கலாம். ஆயினும் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், மாற்றிய கைதான் மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். இதற்கு நேர்மாறாக, கெர்னலுக்குள்ளே ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையிலான இடைமுகங்களுக்கு எந்த உறுதியும் கிடையாது. அவை எந்த வாரமும் மாறலாம். மாற்றுபவர் அந்த மூலநிரல் தொகுப்புக்குள் இருக்கும் எல்லாப் பயன்பாடுகளையும் சேர்த்தே மாற்றித் தந்தாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தொகுப்புக்கு வெளியே தனியாக இயக்கி நிரல் (வன்பொருளை ஓட்டும் நிரல்) வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பதிப்பிலும் அல்லல்படுகிறார்கள். அதைத் தெரிந்தே அனுமதித்திருக்கிறார்கள்.

இவ்விரண்டையும் முரண்பாடாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது என்றே தோன்றுகிறது. வெளியே எதையும் உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்கு, உள்ளே எதையும் கலைத்துக் கட்டும் உரிமை இல்லாவிட்டால், சில ஆண்டுகளில் மூச்சு முட்டிவிடும். ஆகவே நீங்கள் நால்வரும், மாற்றுவதா வேண்டாமா என்று வாதாடுவதற்கு முன், உங்கள் நிரலகத்தின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் செயற்கூறுகள், எந்தக் கோப்பு வடிவம், எந்தப் பிழைக்குறியீடுகள் வாக்குறுதிக்கு உட்பட்டவை? அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எஞ்சியவை எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதையும் அதே அளவு வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாம் வரியை எழுதப் பெரும்பாலோர் கூச்சப்படுகிறார்கள். சச்சரவுகளில் முக்கால்வாசி அந்தக் கூச்சத்திலிருந்து பிறக்கிறது.

இணையத்தின் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் நிரலகத்தைப் பாருங்கள். அதன் இருமநிலை இடைமுகம் (ஏற்கெனவே தொகுத்து முடித்த நிரல்கள் அதனோடு இணையும் முறை) கடைசியாக உடைந்தது 2006 அக்டோபரில். அதன் பின் அதன் உள்ளே, இணையப் பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியின் இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் குடியேறின. ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு ஒரு வெளியீடு வந்துகொண்டிருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது அசையாத பாறை. உள்ளே வேலை செய்பவருக்கு ஓயாத பட்டறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் எழுதிவைக்கும் வாக்குறுதி ஒன்று. பயனர்கள் நம்புவது இன்னொன்று. போதிய எண்ணிக்கையில் பயனர்கள் சேர்ந்துவிட்டால், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் சார்ந்திருப்பார் என்பதை இத்துறையில் ஹைரம் விதி என்பார்கள். நான் பேணிய ஒரு சிறு கருவியில், பிழைச்செய்தி ஒன்றிலிருந்த எழுத்துப்பிழையை ஒருமுறை நல்ல எண்ணத்தோடு திருத்தினேன். அந்தப் பிழையான சொல்லையே தேடிப் பிடிக்கும்படி ஒருவர் தம் நிரலை எழுதியிருந்தார். அவருடைய இரவுநேரப் பணிகள் அத்தனையும் நின்றுபோயின. திருத்தத்தைத் திரும்பப் பெற்றேன். எழுத்துப்பிழை இன்றும் அங்கே இருக்கிறது. இதற்குக் கோ என்னும் நிரல்மொழியினர் கண்ட மாற்று எனக்குப் பிடிக்கும். பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கும் ‘மேப்’ வகைத் தரவின் உறுப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உறுதி தர அவர்கள் விரும்பவில்லை; எனவே வரிசையை வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கலைத்துத் தருகிறார்கள். யாரும் அதை நம்பிப் பழக வாய்ப்பே இல்லை.

உள்ளமைப்பை மாற்ற விரும்பும் உங்கள் இரு தோழர்களுக்கும் ஒரு சொல். ஓராண்டு தனிக்கிளையில் ஒதுங்கியிருந்து எழுதி, ஒருநாள் கொண்டுவந்து இறக்குவது வேண்டாம். முதலில் எல்லைக்கோட்டின்மீது தானியங்கிச் சோதனைகளை எழுதுங்கள். பின் உள்ளே ஒரு சுவரை இடித்துக் கட்டி, அதைப் பயனர் கைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சுவருக்குப் போங்கள். ரஸ்ட் என்னும் நிரல்மொழியினர் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் வெளியிடுகிறார்கள். கனியாத அம்சங்கள் இரவுதோறும் வரும் சோதனைப் பதிப்பில் மட்டுமே திறந்திருக்கும்; இந்த ரயிலைத் தவறவிட்டால் ஆறு வாரத்தில் அடுத்தது என்பதால், அரைவேக்காட்டை அவசரமாக ஏற்றிவிடும் ஆசை யாருக்கும் எழுவதில்லை. ஐயத்திற்குரிய மாற்றம் ஒன்று வந்தால், பொதுவெளியில் உள்ள ரஸ்ட் பொதிகளையெல்லாம் (பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்புகளை) புதிய நிரல்மாற்றியில் (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவியில்) தொகுத்துப் பார்க்க அவர்களிடம் ஒரு கருவி இருக்கிறது. உங்களால் அந்த அளவு முடியாது. ஆனால் உங்கள் நிரலகத்தைச் சார்ந்திருக்கும் பத்துத் திட்டங்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அவற்றின் சோதனைகளை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடக்கூடிய வேலைதான் அது.

கேள்வி (கல்லூரி மாணவி): பைதான் நிரல்மொழி 2-இலிருந்து 3-க்கு மாறியது ஏன் அத்தனை ஆண்டுகள் இழுத்தடித்தது? அந்த மாற்றமே தவறு என்கிறார் எங்கள் ஆசிரியர்.

மாற்றம் சரி, பாதைதான் கரடுமுரடானது. பைதான் 2-இல் உரைக்கும் பைட்டுகளுக்கும் (கணினி அந்த உரையைச் சேமிக்கும் எண்களுக்கும்) இடையிலான கோடு மங்கலாக இருந்தது. ஆங்கில எழுத்துகள் மட்டும் வரும்வரை ஒழுங்காக ஓடும் நிரல், வேறு மொழியின் எழுத்தொன்று உள்ளே நுழைந்ததும் விழுந்துவிடும். அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த மொழி இன்றைய இடத்திற்கு வந்திருக்குமா என்பது ஐயமே. அதனோடு வேறு சில்லறைத் திருத்தங்களும் சேர்ந்துகொண்டன: மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்று என்றது ஒன்றரை ஆனது; அச்சிடும் கட்டளை செயற்கூறாக மாறியது.

2008 டிசம்பரில் 3.0 வந்தது. இடர் எங்கே என்றால், ஒரே நிரலுக்குள் பைதான் 2-இல் எழுதிய பகுதியும் 3-இல் எழுதிய பகுதியும் சேர்ந்து ஓட முடியாது. உங்கள் நிரல் இருபது நிரலகங்களைச் சார்ந்திருந்தால், இருபதும் மாறிய பிறகே நீங்கள் மாற முடியும். நிரலகத்தை எழுதியவரோ, தம் பயனர்கள் எல்லாரும் 2-இல் இருக்கும்போது தாம் மட்டும் ஏன் மாற வேண்டும் என்று காத்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய நிரலைத் தானாகவே புதியதாக மாற்றித் தரும் கருவி ஒன்றைக் கொடுத்து, அதன் வழியே அனைவரும் கடந்துவருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மக்கள் செய்தது வேறு: இரண்டிலும் ஓடக்கூடிய பொதுவான நடையில் எழுதினார்கள். அந்த நடைக்குத் தேவையான, சரத்தின் (நிரலில் வரும் எழுத்துத் தொடரின்) முன் இடும் ஒரு சிறு குறி 3.0-இல் நீக்கப்பட்டிருந்தது, 2012-இல் வந்த 3.3-இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் பார்வையில் மாற்றம் உண்மையில் நகரத் தொடங்கியது அப்போதுதான். பைதான் 2.7-க்கு 2015 என்று குறித்திருந்த இறுதிக்கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். கடைசிப் பதிப்பான 2.7.18 அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது.

ரஸ்ட் இதே சிக்கலை எப்படி அவிழ்த்தது என்பதை அருகில் வைத்துப் பார்க்கலாம். அதில் 2015, 2018, 2021, 2024 என்று மொழியின் பதிப்புருக்கள் இருக்கின்றன. எந்தப் பதிப்புருவில் எழுதியது என்று ஒவ்வொரு பொதியும் தானே அறிவித்துக்கொள்கிறது. அசிங்க் என்ற சொல் 2018 பதிப்புருவில் மொழியின் ஒதுக்கச்சொல் ஆனது. 2015-இல் எழுதிய பொதி ஒன்று அதைச் சாதாரணப் பெயராகவே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே நிரலுக்குள் இணைந்து ஓடும். எனவே யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இம்முறையில் மொழியின் மேற்பரப்பைத்தான் மாற்ற முடியும். எல்லாப் பொதிகளும் பகிர்ந்துகொள்ளும் அடிப்படை நூலகத்தில் கைவைக்க முடியாது. பைதானின் சரம் போன்ற ஆழமான மாற்றத்தை இதனால் செய்திருக்க முடியுமா என்று கேட்டால், முழுவதும் முடிந்திருக்காது என்பதே என் கணிப்பு.

பைதானும் பாடம் கற்றது. இப்போது ஆண்டுக்கொரு பெரிய வெளியீடு, அக்டோபரில். ஒன்றை நீக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு வெளியீடுகளில் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும் என்பது கொள்கை. பொதிகளைக் கட்டப் பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் பழைய தொகுதி 2021-இல் 3.10-இல் எச்சரிக்கப்பட்டு, 2023-இல் 3.12-இல் நீங்கியது. அப்போதும் சிலருக்கு வலித்தது. ஆனால் அந்த வலி ஒரு தொகுதியோடு நின்றது.

கேள்வி (அலுவலக சர்வர்களைக் கவனிப்பவர்): பழைய பதிப்புதான் பாதுகாப்பானது என்கிறார் என் மேலாளர். உடனுக்குடன் புதுப்பிப்பதுதான் பாதுகாப்பு என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

இருவர் பக்கமும் வலுவான சாட்சிகள் இருக்கிறார்கள். முதலில் மேலாளரின் சாட்சிகள். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட கள்ளவாசல் அம்பலமானது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வளர்ச்சியில் பங்குபெறும் ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு அதைத் துருவிப் பார்த்ததில் அகப்பட்டது. சில ஆண்டுகள் பொறுமையாக உழைத்து நம்பிக்கை ஈட்டி, களைத்திருந்த ஒற்றைப் பராமரிப்பாளரின் துணைவராக இடம்பெற்ற ஒருவரின் பெயரில் அது நுழைந்திருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் நிலையற்ற பிரிவிலும், ஃபெடோரா என்னும் இன்னொரு வழங்கலின் முன்வெளியீட்டிலும், இடைவிடாது புதுப்பிக்கப்படும் சில வழங்கல்களிலும் அந்தப் பதிப்பு வந்து சேர்ந்துவிட்டது. டெபியனின் நிலையான பிரிவை எட்டவில்லை. காத்திருந்தவர்கள் காத்திருந்ததாலேயே தப்பினார்கள். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையும் இத்தகையதே: அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நிரலகத்தின் 1.0.1 பதிப்போடு 2012 மார்ச்சில் வந்தது. அதற்கு முந்தைய 0.9.8, 1.0.0 தொடர்களில் நின்றவர்களுக்கு அந்த ஓட்டையே இல்லை.

இனி உங்கள் சாட்சி. 2021 டிசம்பரில், நிரல்களின் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக்ஃபோர்ஜே நிரலகத்தில் வெளிப்பட்ட ஓட்டைக்கு முதல் திருத்தம் 2.15.0; அது போதாமல் அதே மாதத்திற்குள் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்து வந்தன. அந்த மாதத்தில் தயங்கியவர்களுக்கு மன்னிப்பில்லை. அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஓட்டைக்குக் காரணமான அம்சம் பராமரிப்பாளர்களுக்கே பிடிக்காதது, பழைய பயனர்களின் நிரல் உடையக் கூடாதென்றே அதை வைத்திருந்தோம் என்று அவர்களில் ஒருவர் பொதுவெளியில் வருந்தினார். நிலைப்புக்கும் ஒரு விலை உண்டு; அதை எப்போது கேட்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது.

பழையது, புதியது என்னும் பிரிவை விட்டுவிட்டு, திருத்தம், அம்சம் என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் உள்ள சண்டை பெரும்பாலும் கரைந்துவிடும். அம்சங்கள் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் காத்திருக்கக் கூடாது. ஆகவே இரண்டையும் தனித்தனிப் பொட்டலங்களாகத் தரும் திட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பையும், மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் திருத்தம் மட்டும் கொண்ட சிறு பதிப்பையும் தருகிறது; சிறு பதிப்புகளில் தரவுக்கோப்பின் வடிவம் மாறாது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2011-இல் ஆறு வாரச் சுற்றுக்குத் தாவியபோது நிறுவனங்கள் கூக்குரலிட்டன. 2012 ஜனவரியில் நீண்ட ஆதரவுப் பதிப்பு ஒன்று தனியாகப் பிறந்தது அதனால்தான்.

நிலையான வழங்கல் என்றால் யாரும் கைவைக்காதது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 2006-இல் டெபியனில், சோதனைக் கருவி ஒன்றின் முணுமுணுப்பை அடக்குவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செய்த சிறு திருத்தம், குறியாக்கச் சாவிகளை எளிதில் ஊகிக்கக்கூடியவை ஆக்கிவிட்டது. 2008 மே மாதம்வரை அதை யாரும் கவனிக்கவில்லை. மூல ஆசிரியரிடம் போகாமல் நடுவழியில் ஒட்டப்படும் திருத்தங்களைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

கேள்வி (புதிய நிரலாளர்): பதிப்பு எண்ணின் முதல் இலக்கம் கூடினால்தான் உடையும், இல்லாவிட்டால் நம்பி மேம்படுத்தலாம் என்று படித்தேன். உண்மையா?

அது அந்த மரபை ஏற்றுக்கொண்ட திட்டங்கள் சொல்லும் நோக்கம், உத்தரவாதம் இல்லை. எழுத்துப்பிழை திருத்திய என் கதையில் கடைசி இலக்கம் மட்டுமே கூடியிருந்தது. 2011-இல் லினக்ஸ் 2.6 தொடரிலிருந்து 3.0-க்குத் தாவியபோது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எண்கள் நீண்டுவிட்டன என்பதே காரணம். இதற்கு எதிர்ப்புறத்தில், 2008 ஜனவரியில் வந்த, திரையில் சாளரங்களையும் பட்டியல்களையும் தரும் மேசைச்சூழலான கேடிஇ 4.0-ஐ அதை எழுதியவர்கள் வளர்ச்சியாளர்களுக்கான அடித்தளமாகவே கருதினார்கள், 4.0 என்ற எண்ணைக் கண்ட வழங்கல்களும் பயனர்களும் முழுமையான மேசைச்சூழலை எதிர்பார்த்து ஏமாந்தார்கள். எண்ணைப் பார்ப்பதற்குமுன் மாற்றக்குறிப்பைப் படியுங்கள்.

கேள்வி (பங்களிப்பாளர் ஒருவர்): நான் பங்களிக்கும் திட்டத்தில் மூத்தவர்கள் எதையும் ஏற்பதில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு வெளியீடுகூட இல்லை. நாங்கள் சிலர் பிரிந்து தனித்திட்டம் தொடங்குவது துரோகமாகுமா?

ஆகாது. உரிமமே அனுமதிக்கும் ஒன்றைத் துரோகம் என்பது பொருந்தாது. 1997-இல் ஜிசிசி நிரல்மாற்றியின் வளர்ச்சி மிகவும் மந்தமாகவும் மூடிய வாசலுக்குள்ளும் நடந்தது. பொறுமை இழந்தவர்கள் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் பிரிந்து, பரிசோதனைகளுக்கு இடங்கொடுத்து வேகமாக நகர்ந்தார்கள். 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பிரிந்து சென்றவர்களின் குழுவையே ஜிசிசியின் பராமரிப்பாளர்களாக அமர்த்தியது, கிளையே மரமாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் ஓட்டும் நோடு.ஜேஎஸ் விவகாரமும் ஏறக்குறைய இப்படித்தான்: வெளியீடுகள் தேங்கியதால் 2014 இறுதியில் ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது, 2015 செப்டம்பரில் 4.0 என்ற எண்ணோடு இரண்டும் ஒன்றாயின.

எதிர்த்திசையிலும் பிரிவு நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். 2011-இல் நோம் 3 மேசைச்சூழலைத் தலைகீழாக மாற்றியபோது, நோம் 2-இன் தோற்றமே போதும் என்றவர்கள் மாட்டே என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

பிரிவதற்குமுன் இரண்டைச் செய்யுங்கள். தேங்கிக் கிடக்கும் பிழைப்புகார்களை வகைப்படுத்தித் தருகிறோம் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எதையும் ஏற்காததற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதமாக இராது, படித்துப் பார்க்க ஆளில்லாமையாக இருக்கும். அது பயன்படாவிட்டால் பிரியுங்கள். ஆனால் பழைய இடைமுகத்தைக் கெடுக்காமல் பிரியுங்கள். ஈஜிசிஎஸ்ஸும் ஐஓ.ஜேஎஸ்ஸும் திரும்பி வந்து சேர முடிந்ததற்கு, அவற்றின் பயனர்கள் அதே நிரல்களை இரு பக்கமும் ஓட்ட முடிந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி (தனி ஆளாகத் திட்டம் நடத்தும் வாசகி): ஏழு பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வார இறுதிகள் முழுவதும் அதிலேயே போகின்றன. எத்தனை ஆண்டுகள் ஆதரவு தருவது நியாயம்?

ஏழு என்பது ஒருவர் சுமக்கும் எண் இல்லை. பெரிய திட்டங்களே சுமையைக் குறைத்திருக்கின்றன. நீண்ட ஆதரவுக் கெர்னல்களுக்கான காலத்தை 2017-இல் ஆறு ஆண்டுகளாக நீட்டினார்கள். 2023-இல் அதை இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கும் முடிவை அறிவித்தார்கள். மிகப் பழைய கெர்னல்களைப் பயன்படுத்துவோர் குறைவு, பராமரிப்பாளர்களின் களைப்போ மிகுதி என்பதே காரணம். அதைவிட நீண்ட காலம் வேண்டுவோர் தமக்குள் பொருள் திரட்டி, ஆட்களை அமர்த்திச் செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்வதுதான் முறையும்கூட. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் தருகிறது. அதற்கு உலகெங்கும் ஊதியம் பெற்று உழைப்போர் பலர் இருக்கிறார்கள். எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள நிரலகம் 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்கிறது. 2004-இலிருந்து கோப்பு வடிவத்தின் பின்னிணக்கத்தையும் (பழைய கோப்புகளைப் புதிய பதிப்பும் படிப்பதை) காத்துவருகிறது. அவர்களிடம் நிரலைவிடப் பலமடங்கு பெரிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது. உங்களிடம் வார இறுதிகள் இருக்கின்றன.

எனவே இரண்டு பதிப்புகள்: இப்போதையது, அதற்கு முந்தையது. முந்தையதற்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். மற்ற ஐந்துக்கும் இன்றிலிருந்து ஆறு மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அந்தத் தேதியைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வெளியிடுங்கள். நிரலே இயங்கும்போது ஒரு வரி எச்சரிக்கை காட்டும்படியும் செய்யுங்கள், ஏனென்றால் முதல் பக்கத்தைப் பயனர்கள் படிப்பதில்லை. ஐந்திலும் கடைசியாக ஒரு திருத்தப் பதிப்பை வெளியிட்டு, புதியதற்கு மாறும் வழியை எழுதி இணையுங்கள். யாராவது ஒரு நிறுவனம் இன்னும் இரண்டு ஆண்டுகள் வேண்டும் என்று கேட்டு எழுதினால், அந்த வேலைக்கு அவர்கள் எவ்வளவு தரப் போகிறார்கள் என்று மறுமொழியில் கேட்கத் தயங்க வேண்டாம்.